பத்து மொழியில் இணையதளம்: பலன் உண்டா?

விளைபொருளைக் களத்திலேயே மூட்டையாக விற்றுவிடாமல், காய வைத்து, பொடியாக்கி, எண்ணெயாக்கி, பொட்டலம் கட்டி, வெளிநாட்டில் உள்ளவருக்கும் நேரடியாக விற்க வேண்டும் என்ற ஆர்வம் தமிழக விவசாயிகளிடையே வளர்ந்து வருகிறது. இது வரவேற்கத்தக்கது. 2020-ஆம் ஆண்டில் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசுத் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, சிறு விவசாயிகள் பங்கு சேர்த்து நடத்தும் நிறுவனங்கள் வட்டாரந்தோறும் தோன்றியுள்ளன. முருங்கை இலைப்பொடி, மஞ்சள், நல்லெண்ணெய், சாமை, வரகு, தினை போன்றவற்றை விற்க இவற்றுள் பல சொந்தமாக இணையதளம் அமைக்கவும் முன்வந்துள்ளன.

இந்த ஆர்வத்தோடு ஒரு வீண் செலவும் சேர்ந்து வருகிறது. பத்து மொழிகளில் தளம் அமைத்துத் தருவதாகவும், ஜெர்மனியில் தேடினாலும் மலேசியாவில் தேடினாலும் அந்தத் தளமே முதலில் வரும் என்றும் சொல்லிப் பணம் கேட்போர் உண்டு. ஆங்கிலப் பக்கத்தை இயந்திரத்தால் மொழிபெயர்த்து ஒட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடுவதும் உண்டு. ஆண்டு முழுவதும் காத்திருந்தாலும் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம்கூட வராது. போன பணம் சிறு விவசாயிகளின் பங்குத்தொகை. ஒரு போகத்து லாபத்தில் மிச்சம் பிடித்த காசு. ஆகவே, ஒரு நாட்டின் தேடல் முடிவுகளில் ஒரு பக்கம் எப்படி இடம் பெறுகிறது என்பதை நிர்வாகக் குழுவில் உள்ள விவசாயிகள் ஓரளவேனும் தெரிந்துகொள்வது அவசியம்.

நாட்டுக்கு நாடு முடிவு மாறுவது ஏன்?

கூகுள் போன்ற தேடுபொறியில் ஒரே சொல்லைச் சென்னையில் தேடினால் ஒரு பட்டியலும் பெர்லினில் தேடினால் வேறொரு பட்டியலும் வருகின்றன. முன்பெல்லாம் இந்தியாவுக்கு ஒன்று, ஜெர்மனிக்கு ஒன்று எனத் தனித்தனிக் கூகுள் முகவரிகள் இருந்தன. எந்த முகவரியில் தேடுகிறோமோ அந்த நாட்டு முடிவு கிடைத்தது. 2017 முதல் அந்த முறை மாறி, தேடுபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டுக்குரிய முடிவுகளே காட்டப்படுகின்றன. 2025-இல் நாட்டு முகவரிகளைப் பொது முகவரிக்கே திருப்பிவிடப் போவதாகவும் அந்த நிறுவனம் அறிவித்தது.

ஒரு பக்கம் எந்த நாட்டவருக்கானது என்பதைத் தேடுபொறி சில அடையாளங்களைக் கொண்டு கணிக்கிறது. பக்கம் எழுதப்பட்ட மொழி, தளப்பெயரின் நாட்டு ஈறு, பக்கத்தில் உள்ள நாணயம், முகவரி, தொலைபேசி எண், அந்நாட்டுத் தளங்கள் அந்தப் பக்கத்துக்குத் தரும் இணைப்புகள் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. இந்த அடையாளங்கள் ஒன்றும் இல்லாமல், ரூபாய் விலையும் இந்தியக் கைப்பேசி எண்ணும் மட்டுமே உள்ள பக்கத்தை ஜெர்மன் மொழியில் மாற்றி வைத்தால் ஜெர்மானியருக்கு அது தென்படும் என்று எதிர்பார்ப்பது, பட்டத்தைப் பாராமல் விதைத்துவிட்டு மகசூலை எதிர்பார்ப்பது போன்றதே.

முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்பதைக் கூகுள் தன் வழிகாட்டுக் குறிப்புகளிலேயே கூறியுள்ளது. பணம் கொடுத்துப் பெறுவது விளம்பர இடம் மட்டுமே; அது வேறு கணக்கு. எனவே முதலிடம் உறுதி என்று சொல்பவரிடம் ஒப்பந்தம் போடாமல் இருப்பதே முதல் சிக்கனம்.

மொழிபெயர்ப்புப் பொத்தான் விதையாகாது

சில தளங்களில் மேல் மூலையில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் அதே பக்கம் மலாய், பிரெஞ்சு, அரபி என்று மாறிக் காட்டும். பார்ப்பவர் திரையில் அந்த நேரத்துக்கு மட்டும் நடக்கும் மாற்றம் இது. தனி முகவரியுடன் மலாய்ப் பக்கம் ஒன்று அங்கே இல்லை. ஆகவே தேடுபொறி அதைப் பதிவு செய்வதும் இல்லை. மலேசியாவில் மலாய் மொழியில் தேடுபவருக்கு இல்லாத பக்கம் எப்படிக் கிடைக்கும்?

ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரியுடன் தனிப் பக்கம் இருக்க வேண்டும். அதற்காக நூற்றுக்கணக்கான பக்கங்களை இயந்திரத்தால் மொழிபெயர்த்துக் கொட்டுவதும் தகாது. படிப்பவருக்குப் பயன் தராமல், தேடலில் வருவதற்காக மட்டுமே மொத்தமாக உருவாக்கப்படும் பக்கங்களைக் குப்பையாகக் கருதுவதாகக் கூகுள் 2024 மார்ச்சில் தன் விதிகளை இறுக்கியது. இயந்திர மொழிபெயர்ப்பால் பெருக்கிய பக்கங்களும் இதில் அடங்கும். இன்றைய செயற்கை அறிவுக் கருவிகள் முன்னைவிட நன்றாகவே மொழிபெயர்க்கின்றன என்பது உண்மை. முதல் வரைவுக்கு அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த மொழி தெரிந்த ஒருவர் வரிக்கு வரி படித்துத் திருத்தாமல் வெளியிடக் கூடாது.

வாங்குபவர் சொல்லும் பெயர் எது?

இந்த வேலையில் விவசாயிகள் தாமே முன்நின்று செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அது சொல் தேர்வு. தொழில்நுட்பம் தெரிந்தவருக்குப் பயிர் தெரியாது. மொழி தெரிந்தவருக்குச் சரக்கு தெரியாது.

முருங்கையையே எடுத்துக்கொள்ளலாம். இந்திய ஆங்கிலத்தில் இதை 'டிரம்ஸ்டிக்' என்கிறோம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லைத் தேடுபவர் கோழிக்காலையோ மேளம் அடிக்கும் குச்சியையோதான் நினைக்கிறார். அங்கே இலைப்பொடி வாங்குபவர் தேடும் சொல் 'மொரிங்கா'. மலாய் மொழியில் 'கெலோர்', பிலிப்பைன்ஸில் 'மலுங்கை', வட இந்தியாவில் 'சஹ்ஜன்'. அரவக்குறிச்சியிலோ ஒட்டன்சத்திரத்திலோ பறித்த இலை எவ்வளவு பச்சையாக இருந்தாலும், பொட்டலத்திலும் பக்கத்திலும் 'டிரம்ஸ்டிக் இலைப்பொடி' என்று மட்டும் இருந்தால் லண்டனில் தேடுபவர் கண்ணில் அது படாது.

கத்தரிக்காய்க்கு இந்தியாவிலும் மலேசியா, சிங்கப்பூரிலும் 'பிரிஞ்ஜால்'; இங்கிலாந்தில் 'ஓபர்ஜின்'; அமெரிக்காவில் 'எக்பிளான்ட்'. மூன்றும் ஆங்கிலமே, நாடுதான் வேறு. நல்லெண்ணெயை இங்கே 'ஜிஞ்சிலி ஆயில்' என்று எழுதுகிறோம். மேல்நாடுகளில் அது 'செசமி ஆயில்'. மஞ்சள், ஜெர்மன் மொழியில் 'குர்குமா', மலாயில் 'குன்யிட்'. நாட்டுச் சர்க்கரையைச் சொல்லுக்குச் சொல் 'கன்ட்ரி சுகர்' என்று மாற்றினால் வெளிநாட்டவருக்கு ஒன்றும் விளங்காது. கரும்புச் சாற்றைக் காய்ச்சி எடுத்த, சுத்திகரிக்காத சர்க்கரை என்று விளக்கினால்தான் புரியும்.

தமிழுக்குள்ளும் இதே நிலைதான். தமிழகத்தில் நிலக்கடலை, வேர்க்கடலை, மல்லாட்டை என்று மாவட்டத்துக்கு ஒரு பெயர். இலங்கையில் அது கச்சான். இங்கே பப்பாளி, அங்கே பப்பாசி. இலங்கைத் தமிழருக்கு விற்க நினைப்பவர் அவர்கள் வீட்டில் வழங்கும் சொல்லையும் பக்கத்தில் சேர்க்க வேண்டும்.

இந்தச் சொற்களைக் கண்டுபிடிக்கப் பெரும் செலவு ஆகாது. எந்த நாட்டில் எந்தச் சொல் மிகுதியாகத் தேடப்படுகிறது என்று ஒப்பிட்டுக் காட்டும் 'கூகுள் டிரெண்ட்ஸ்' இலவசமாகவே கிடைக்கிறது. அந்த நாட்டுக் கடைகளின் தளங்களைப் பார்த்து, அதே சரக்கைப் பொட்டலத்தின் மேல் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளலாம். ஊரிலிருந்து அங்கே வேலைக்குப் போன பிள்ளைகளைக் கேட்டாலும் சொல்வார்கள்.

தளப்பெயரும் நாட்டு ஈறும்

இணையதளத்தின் பெயர் 'டாட் இன்' என்று முடிந்தால் அது இந்தியாவுக்குரியது என்று தேடுபொறி எடுத்துக்கொள்கிறது. உள்நாட்டு விற்பனைக்கு இது நல்லது. தமிழிலேயே எழுதப்படும் '.இந்தியா' என்ற ஈறும் இருக்கிறது. ஆனால் ஏற்றுமதியே நோக்கமானால் இந்த ஈறு குறுக்கே நிற்கக்கூடும். நாட்டுக்கு ஒரு தளப்பெயர் வாங்கி, ஒவ்வொன்றையும் தனியாகப் பராமரிப்பது பெரிய கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகும்; சிறு விவசாயிகளின் நிறுவனத்துக்கு ஆகாது.

நடுவழி ஒன்று உண்டு. 'டாட் காம்' போன்ற பொது ஈற்றில் ஒரே தளப்பெயர் வாங்கி, அதற்குள் நாட்டுக்கும் மொழிக்கும் ஏற்பத் தனித்தனிப் பிரிவுகள் அமைத்துக்கொள்வது. ஒரே தோட்டத்தில் பாத்தி பிரித்துப் பயிர் செய்வது போன்றது இது. கிணறு ஒன்று, வேலி ஒன்று, பாத்திகள் வேறு. ஒரு பிரிவுக்குக் கிடைக்கும் நற்பெயர் மற்றப் பிரிவுகளுக்கும் உதவும். முன்பு இத்தகைய பிரிவுகளை எந்த நாட்டுக்கு என்று கூகுளின் 'சர்ச் கன்சோல்' கருவியில் குறிப்பிட வசதி இருந்தது. 2022-இல் அது நீக்கப்பட்டது. அந்த அமைப்பைச் செய்து தருவதாக இன்றும் யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

மூட்டையில் கட்டும் அட்டை

பக்கத்தின் உள்ளே, பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குறிப்பு எழுதும் வழக்கம் 2011 முதல் உள்ளது. இதற்கு 'எச்ரெஃப்லாங்' என்று பெயர். இந்தப் பக்கம் இன்ன மொழியில் இன்ன நாட்டவருக்கானது, இதன் பிற மொழிப் பக்கங்கள் இன்னின்ன முகவரியில் உள்ளன என்று அது தேடுபொறிக்குச் சொல்கிறது. சிங்கப்பூரில் ஆங்கிலத்தில் தேடுபவருக்கு இந்திய ஆங்கிலப் பக்கத்தைக் காட்டாமல் சிங்கப்பூருக்கான பக்கத்தைக் காட்ட இது உதவும்.

சான்று விதை மூட்டையில் கட்டும் நீல அட்டையோடு இதை ஒப்பிடலாம். உள்ளே இருப்பது என்ன ரகம் என்று அட்டை சொல்லும், பதரை விதையாக்காது. அதுபோலவே இந்தக் குறிப்பும் சரியான பக்கத்தைச் சரியான நாட்டவருக்குக் காட்ட உதவுமே தவிர, தரமற்ற பக்கத்தை மேலே ஏற்றாது. பக்கம் எந்த மொழியில் உள்ளது என்பதைக்கூட, குறிப்பைப் பார்த்து அல்ல, பக்கத்தில் உள்ள எழுத்தைப் படித்தே கூகுள் முடிவு செய்கிறது.

இதில் நேரும் பிழைகள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று, ஒருதலைக் குறிப்பு. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால் ஆங்கிலப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைத் திரும்பச் சுட்ட வேண்டும். பொது வரப்பை இரு பக்கத்துக்காரரும் ஒப்புக்கொண்டால்தானே எல்லை நிற்கும்? ஒரு பக்கம் மட்டும் சொன்னால் கூகுள் அதைப் பொருட்படுத்துவதில்லை. மற்றொன்று, குறியீட்டுப் பிழை. குறிப்பில் முதலில் மொழி, பிறகு நாடு என்ற வரிசை வேண்டும். நாட்டை மட்டும் எழுதக் கூடாது. மலாய் மொழிக்குக் குறியீடு 'எம்.எஸ்.', 'எம்.ஒய்.' என்பது மலேசிய நாட்டுக்கு உரியது. அதையே மொழியின் இடத்தில் எழுதினால் பர்மிய மொழி என்று பொருள் ஆகிவிடும். பிரிட்டனுக்கு 'யு.கே.' என்று எழுதுவதும் தவறு; 'ஜி.பி.' என்பதே சரி. மொழியின் இடத்தில் 'யு.கே.' என்றால் அது உக்ரைன் மொழி.

வருபவர் எந்த நாட்டிலிருந்து வருகிறார் என்று பார்த்து, அவர் கேட்காமலேயே வேறு பக்கத்துக்குத் தள்ளிவிடும் ஏற்பாட்டையும் தவிர்க்க வேண்டும். கூகுளின் பதிவு இயந்திரம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தே வருகிறது. அதை எப்போதும் அமெரிக்கப் பக்கத்துக்கே தள்ளிவிட்டால் தமிழ்ப் பக்கத்தையும் மலாய்ப் பக்கத்தையும் அது காணாமலே போகக்கூடும். எல்லா மொழிப் பக்கங்களுக்கும் சாதாரண இணைப்புகள் வைத்து, வருபவரே தேர்ந்தெடுக்க விடுவதுதான் முறை.

தவறான சொல் சட்டத்திலும் மாட்டிவிடும்

மொழிபெயர்ப்பில் நேரும் பிழை விற்பனையை மட்டும் கெடுப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 'பயோ', 'ஆர்கானிக்' போன்ற சொற்கள் சட்டப் பாதுகாப்பு உடையவை. உரிய சான்று இல்லாத உணவுப் பொருளுக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. இயற்கை முறையில் விளைந்தது என்று இங்கே சாதாரணமாக எழுதும் வரியை இயந்திரம் 'பயோ' என்று மாற்றிவிட்டால், சான்று பெறாத நிறுவனம் பொய் சொன்னதாக ஆகிவிடும். சர்க்கரை நோயைக் குணமாக்கும், மூட்டு வலியைப் போக்கும் என்று உணவுப் பொருளுக்கு எழுதுவதும் அங்கே தடை செய்யப்பட்டது.

பக்கம் தேடலில் வந்து, வியாபாரியும் கேட்டு எழுதிவிட்டார் என்றால், அடுத்து அவர் கேட்பது ஆய்வறிக்கையைத்தான். 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் கண்டறியப்பட்டு ஐரோப்பாவில் சரக்குகள் திரும்பப் பெறப்பட்டதை விவசாயிகள் மறக்கக் கூடாது. ஏற்றுமதி இறக்குமதி உரிம எண், சரக்குக்கு ஏற்ப அபீடா அல்லது நறுமணப் பொருள் வாரியத்தின் பதிவு, எச்ச நஞ்சு ஆய்வறிக்கை ஆகியவை கையில் இல்லாமல் வெளிநாட்டுப் பக்கம் திறப்பது, கதிர் முற்றும் முன்பே களத்தைப் பெருக்குவதற்கு ஒப்பாகும்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டியதில்லை. கீரை, தக்காளி, வெண்டை விளைவிக்கும் குழுக்களுக்கு உழவர் சந்தையும் அருகிலுள்ள நகரமும் போதும். அவர்கள் கூகுளின் வரைபடத்தில் தங்கள் விற்பனை நிலையத்தை இலவசமாகப் பதிவு செய்து, முகவரி, நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றைச் சரியாக வைத்திருந்தாலே பலன் கிடைக்கும். ஏற்றுமதியாளர் மூலம் விற்பதே மேல் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. பணம் வராமல் போகும் அபாயத்தை அவர் சுமக்கிறார். ஆனால் ஏற்றுமதியாளரை நம்பியே இருப்பவருக்கு வாங்குபவர் யார், அங்கே என்ன விலை என்பது தெரிவதில்லை. ஆண்டு முழுவதும் ஒரே தரத்தில் கொடுக்கக்கூடிய சரக்கும், அதற்கான ஆவணங்களும் உள்ள நிறுவனங்களுக்கு இரண்டு அல்லது மூன்று மொழிகளில் ஒரு நல்ல தளம் பேரம் பேசும் பலத்தைத் தரும். தமிழ், பொது ஆங்கிலம், உண்மையில் வாடிக்கையாளர் இருக்கும் ஒரு நாட்டுக்கான பக்கம் ஆகியவற்றோடு தொடங்குவதே சிறந்தது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரைப் பல நிறுவனங்கள் முதல் நாடாகத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒப்பந்தம் போடும் முன்

இணையதளம் அமைப்பவருக்கு முன்பணம் கொடுக்கும் முன் நிர்வாகக் குழு கீழ்க்கண்டவற்றை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

1. தளப்பெயர் நிறுவனத்தின் பெயரிலேயே பதிவாக வேண்டும். அமைப்பவர் பெயரில் பதிவானால், பின்னர் அவர் கேட்கும் தொகையைக் கொடுத்தே மீட்க வேண்டிவரும். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் தேதியைக் குழுவின் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும்.

2. 'சர்ச் கன்சோல்' கணக்கின் உரிமையும் நிறுவனத்திடமே இருக்க வேண்டும். எந்த நாட்டில், எந்தச் சொல்லுக்கு, எத்தனை முறை பக்கம் காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தனர் என்பதை அது இலவசமாகக் காட்டும். மாதம் ஒரு முறை அந்தக் கணக்கைக் குழுவின் முன் வைக்க வேண்டும்.

3. ஒவ்வொரு மொழிக்கும் தனி முகவரி, இரு பக்கமும் ஒத்த குறிப்பு, கட்டாயத் திருப்பல் இல்லாமை ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இடம் பெற வேண்டும்.

4. ஒவ்வொரு மொழிப் பக்கத்தையும் திருத்தியவர் யார் என்பதைக் குறிப்பிட வேண்டும்.

5. அந்தந்த நாட்டு நாணயத்தில் விலை, அனுப்பும் செலவு, சேரும் நாள், குறைந்தபட்ச அளவு ஆகியவை பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாத வெளிநாட்டு முகவரியைப் போடவே கூடாது. அங்கே சரக்கை வாங்கி விற்கும் கடைக்காரர் தம் தளத்திலிருந்து ஓர் இணைப்புக் கொடுத்தால் அதுவே உண்மையான அடையாளம்.

பலன் தெரியச் சில வாரங்கள் முதல் பல மாதங்கள் வரை ஆகலாம். அதுவரை முழுத்தொகையையும் கொடுத்துவிடாமல் தவணையாகக் கொடுப்பது நல்லது.

அரசு செய்ய வேண்டியது

இந்தச் சுமை முழுவதையும் ஆயிரம் உறுப்பினர் கொண்ட ஒரு சிறு நிறுவனத்தின் தலையில் ஏற்றுவது நியாயமல்ல. முருங்கைக்கும் மஞ்சளுக்கும் வெளிநாடுகளில் வழங்கும் பெயர்களை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே தேடி அலைய வேண்டுமா? பயிர்வாரியாக, நாடுவாரியாக, வாங்குபவர் வழங்கும் சொற்களையும் அந்நாட்டில் பயன்படுத்தக் கூடாத சொற்களையும் தொகுத்து, வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வேளாண் விற்பனைத் துறையும் இலவசமாக வெளியிட வேண்டும். ரக வாரியாகச் சாகுபடிக் குறிப்புகள் வெளியிடுவது போல இதுவும் ஒரு விரிவாக்கப் பணியே. இணையதளம் அமைத்தோம் என்ற ரசீதைப் பார்த்து மட்டும் மானியம் வழங்காமல், தளப்பெயர் யார் பெயரில் உள்ளது, எந்த நாட்டிலிருந்து எத்தனை விசாரணைகள் வந்தன என்பதையும் அதிகாரிகள் கேட்க வேண்டும்.

அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல் என்பது விவசாயிகள் அறிந்த பழமொழி. பத்து மொழிகளில் மேலோட்டமாகக் கீறிவிட்டுப் போவதைவிட, சரக்கு உண்மையில் போய்ச் சேரக்கூடிய ஒரு நாட்டுக்கு, அந்நாட்டவர் சொல்லிலேயே நேர்மையாக எழுதிய சில பக்கங்கள் அதிகப் பலன் தரும். அந்தப் பக்கங்களின் உரிமையும், வாங்குபவரின் முகவரியும் விவசாயிகளின் கையிலேயே இருக்க வேண்டும். நிலத்தின் பட்டாவை அடுத்தவர் பெயரில் எழுதி வைத்துவிட்டு உழுவதற்கு எந்த விவசாயியும் சம்மதிப்பதில்லை. இணையதளத்துக்கும் அதே நியாயம்தான்.